மூளை ஆராய்ச்சியின் கதை – 14: கிளர்ச்சியே விஷமாகும் விதம்

ஒரு தவளையின் இருதயத்தை நனைத்த திரவத்தை எடுத்து மற்றொரு தவளையின் இருதயத்தில் விட்டு, நரம்பு தன் செய்தியைத் தெரிவிப்பது ரசாயனப் பொருளின் வாயிலாகத்தான் என்று 1921-ஆம் ஆண்டில் ஆட்டோ லோவி நிலைநாட்டிய வரலாற்றையும், அதன் பயனாக அவரும் ஹென்றி டேலும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். இருதயத்துக்கும் தசைக்கும் தூது செல்லும் பொருள் இன்னது என்பது அவர்களால் தெளிவாயிற்று. ஆனால், ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் நெருங்கி வாழும் மனித மூளைக்குள், ஓர் அணு தன் அண்டை அணுவைக் கிளர்ந்தெழச் செய்வதற்கு எந்தப் பொருளைப் பிரதானமாகப் பயன்படுத்துகிறது என்ற வினா அதன் பின்னும் பல பத்தாண்டுகள் விடையின்றியே நின்றது. விடை கிடைத்தபோது, அப்பொருள் சமையற்கட்டு வரையில் எல்லோரும் அறிந்ததொரு பொருளாகவே இருந்தது. நினைவையும் அறிவையும் சுமந்து செல்லும் அதே பொருள், தன் எல்லை கடந்து பெருகும்போது நரம்பணுவைக் கொன்றுவிடுகிறது என்ற செய்தியும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

1866-ஆம் ஆண்டில் கார்ல் ஹைன்ரிக் ரிட்ஹவுசன் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர், கோதுமையிலுள்ள பசைப்புரதத்தைக் கந்தக அமிலத்தால் சிதைத்து, அதிலிருந்து குளுட்டாமிக் அமிலத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, டோக்கியோ சர்வகலாசாலையின் பேராசிரியர் இக்கேடா கிக்குனே, ஜப்பானியர் வீடுதோறும் கொதிக்கவைக்கும் ‘கொம்பு’ என்னும் கடற்பாசியின் சாற்றுக்கு அந்த அலாதியான ருசியைக் கொடுப்பது எது என்று ஆராய்ந்து, அது அந்த அமிலத்தின் உப்பாகிய குளுட்டாமேட்டே என்று கண்டார். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு என்னும் நான்கிலும் அடங்காத அந்தச் சுவைக்கு ‘உமாமி’ என்று அவர் பெயரிட்டதும், அடுத்த ஆண்டே அவ்வுப்பு ‘அஜினோமோட்டோ’ என்ற பெயருடன் கடைகளுக்கு வந்ததும் உணவின் சரித்திரத்தைச் சேர்ந்தவை.

மூளையின் ரசாயனத்தை ஆராயத் தொடங்கியவர்களுக்கு இப்பொருள் வேறொரு விதத்தில் வியப்பளித்தது. மூளையில் தனியாகக் கரைந்திருக்கும் அமினோ அமிலங்களில் மிகுதியாக உள்ளது இதுவே என்பதும், மூளைத் திசு இதனை எரித்துச் சக்தியாக்கிக்கொள்ள வல்லது என்பதும் 1930-களிலிருந்து படிப்படியாகத் தெரியவந்தன. ஆகவே இதனை மூளைக்கு உகந்த உணவென்று கருதிய அமெரிக்க மருத்துவர் சிலர், 1940-களில் வலிப்பு நோயுற்ற சிறுவர்களுக்கும் அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர்களுக்கும் இதனை ஊட்டிப் பார்த்தனர்; சிறுவர்கள் சுறுசுறுப்படைந்தார்கள் என்ற நம்பிக்கையூட்டும் செய்திகள் சில காலம் பரவி, ஒழுங்கான ஒப்பீட்டுச் சோதனைகள் நடந்தபின் மங்கி மறைந்தன.

அதே காலத்தில், டோக்கியோவின் கேயோ பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராயிருந்த ஹயாஷி தக்காஷி, வேறோர் உண்மையைக் கண்டிருந்தார். ருஷ்யாவில் பாவ்லோவிடம் பயின்று திரும்பிய இவர், கிகி தக்கதாரோ என்ற புனைபெயரில் துப்பறியும் கதைகள் எழுதி, ஜப்பானின் புகழ்பெற்ற நவோகி இலக்கியப் பரிசையும் பெற்றவர். சாஸ்திரமும் இலக்கியமும் ஒரே மனிதரிடம் இவ்வளவு இயல்பாக வாழ்ந்ததைக் காண்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. நாய்களின் மூளையில் அங்க அசைவுகளை ஆளும் மேற்புறணியில் குளுட்டாமேட் கரைசலை இட்டபோது அவற்றுக்கு வலிப்பு உண்டாவதைக் கண்ட ஹயாஷி, இப்பொருள் மூளைக்கு உணவு மட்டுமன்று, அதனைக் கிளர்ச்சியுறச் செய்வதும் ஆகும் என்ற கருத்தை 1954-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மேற்கு நாட்டு ஆராய்ச்சியாளர் பலர் அக்காலத்தில் அதற்கு உரிய கவனத்தைத் தரவில்லை.

அந்தக் கருத்தைத் தனித்தனி நரம்பணுக்களின் மேல் வைத்துச் சோதிக்கும் வாய்ப்பு ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பராவுக்கு வாய்த்தது. அங்கே ஜான் எக்கிள்ஸ் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில், டேவிட் கர்ட்டிஸ், ஜான் பிலிஸ், ஜெஃப்ரி வாட்கின்ஸ் ஆகிய மூவரும், மயக்கமூட்டப்பட்ட பூனையின் முதுகுத்தண்டில், கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு நுனி கூர்மையான, பல குழல்களை ஒன்றாய் இணைத்து இழுத்த கண்ணாடிக் குழாய்களைச் செலுத்தினர். ஒரு குழலின் வழியே நரம்பணுவின் மின்துடிப்பைப் பதிவு செய்துகொண்டே, மற்றக் குழல்களின் வழியே வெவ்வேறு ரசாயனங்களை மின்னோட்டத்தின் உதவியால் அணுவின் அருகில் துளித் துளியாக வெளியேற்றும் நுட்பமான முறை அது. குளுட்டாமேட் வெளியேறிய கணமே நரம்பணு படபடவென்று துடித்தெழுந்தது; மின்னோட்டத்தை நிறுத்தியதும் அடங்கிற்று. 1959-இலும் 1960-இலும் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையின் ஆதாரச் சுவடிகள் ஆகும்.

இவ்வளவு தெளிவாகக் கண்டும், குளுட்டாமேட் நரம்புகளின் இயற்கையான தூதுப்பொருளாக இருக்க முடியாது என்றுதான் அவர்கள் முடிவு கூறினார்கள். தொட்ட நரம்பணுக்கள் அனைத்தையும் அது வேறுபாடின்றிக் கிளர்ச்சியுறச் செய்தது. குறிப்பிட்ட செய்தியைக் குறிப்பிட்ட இடத்துக்குச் சேர்க்கவேண்டிய தூது அவ்வாறு எங்கும் பொதுவாய் இருக்கலாமோ என்பது முதல் ஐயம். கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் இடவலம் மாறிய அதன் மற்றோர் உருவும் ஏறக்குறைய அதே வன்மையுடன் வேலை செய்தது. தூதுப்பொருளை வாங்கிக்கொள்ளும் இயற்கையின் ஏற்பிகள் இத்தனை கவனக்குறைவாய் இருப்பதில்லையே என்பது இரண்டாவது. தசையில் தூது செல்லும் அசிட்டைல்கோலினை உடனுக்குடன் அழிக்க ஒரு நொதி காத்திருப்பதைப்போல, குளுட்டாமேட்டை அழிக்கும் நொதி எதுவும் அணுக்களின் இடைவெளியில் காணப்படவில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, புரதம் கட்டவும் சக்தி தரவும் உடம்பெங்கும் பயன்படும் சாமானியமான ஒரு பொருளுக்கு, மூளையின் பேச்சாகிய உயரிய பணியை ஏற்றிச் சொல்ல மனம் துணியவில்லை.

பிற்காலத்தார் சிலர் இதனைப் பெரிய நழுவலாக எழுதுவதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அன்று கையிலிருந்த சாட்சியங்களைக் கொண்டு நோக்கினால் அவர்களுடைய தயக்கம் நேர்மையான தயக்கமே. அந்த ஐயங்கள் ஒவ்வொன்றுக்கும் விடை தேடியதிலிருந்துதான் பின்வந்த அறிவு முழுதும் பிறந்தது. அழிக்கும் நொதி இல்லையென்றால், வெளிப்பட்ட குளுட்டாமேட் எங்கே போகிறது என்ற கேள்வி எழுந்தது. நரம்பணுக்களும் அவற்றைச் சூழ்ந்து தாங்கும் துணையணுக்களும் அதனை விரைந்து உறிஞ்சித் தமக்குள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன என்பது 1970-களின் தொடக்கத்தில், அதே கான்பராவிலும் பிற இடங்களிலும் நடந்த ஆய்வுகளால் புலப்பட்டது. அந்த உறிஞ்சும் பணி ஓயாது நடப்பதனால்தான், அணுவுக்கு உள்ளே உள்ள குளுட்டாமேட்டின் செறிவு வெளியே உள்ளதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மிகுந்து நிற்கிறது. வாசகர்கள் இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வார்களாயின், மூளை எத்தகைய அபாயத்தை உள்ளடக்கிக்கொண்டு வாழ்கிறது என்பதும், பக்கவாதத்தின்போது நிகழ்வது யாது என்பதும் பின்னர் எளிதில் விளங்கிவிடும்.

இனி நஞ்சின் கதைக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டில் லூகஸ், நியூஹவுஸ் என்னும் இருவர், பால்குடி மாறாத சுண்டெலிக் குட்டிகளுக்குக் குளுட்டாமேட்டை ஊசிவழியே செலுத்திவிட்டு, அவற்றின் விழித்திரையை நுண்ணோக்கியில் நோக்கியபோது, அதன் உட்படலங்களிலுள்ள நரம்பணுக்கள் அழிந்துகிடக்கக் கண்டனர். கண் மருத்துவ ஏட்டில் வெளியான அச்செய்தியைப் பெரும்பாலோர் கண்ணைப் பற்றிய ஒரு விசேஷமாகவே எடுத்துக்கொண்டனர்.

அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவத் துறையைச் சேர்ந்த ஜான் ஓல்னி என்பவர், எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணைகொண்டு அந்தப் பரிசோதனையை மீண்டும் செய்து பார்க்க முற்பட்டார். விழித்திரையில் அழிவு முன்னவர் கூறியபடியே இருந்தது. ஆனால், குட்டிப் பருவத்தில் குளுட்டாமேட் ஏற்ற எலிகள் வளர்ந்தபின், கூடப் பிறந்தவற்றைப் போலன்றி, உடல் நீளம் குன்றி, கொழுத்துப் பருத்திருந்ததை அவர் கவனித்தார். கண்ணுக்கு நேர்ந்த கேடு உடம்பைக் கொழுக்கச் செய்வதற்கு நியாயமில்லை. ஆகையால், பசியையும் வளர்ச்சியையும் ஆளும் மூளைப்பகுதிக்கே ஏதோ நேர்ந்திருக்கவேண்டும் என்று ஊகித்து, ஹைப்போதாலமஸ் என்னும் அடிமூளைப் பிரதேசத்தை ஆராய்ந்தார். அங்கே, ரத்தத்திலுள்ள பொருள்கள் மூளைக்குள் புகாதபடி காக்கும் தடுப்பு வலுவற்றிருக்கும் ஒரு சிறு திட்டில், நரம்பணுக்கள் சில மணி நேரத்துக்குள் வீங்கி மடிந்திருந்தன. 1969-இல் ‘சயன்ஸ்’ ஏட்டில் வெளிவந்த அக்கட்டுரை அவருடைய பெயரை நிலைபெறச் செய்தது.

ஓல்னியின் மேதைமை அந்தச் சேதத்தைக் கண்டுபிடித்ததில் மட்டும் இல்லை. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை நோக்கிய பார்வையிலேயே அது விளங்குகிறது. செய்தியை வாங்கும் கிளைகளும் அணுவின் உடலும் வீங்கிச் சிதைந்திருக்க, அவ்வழியே கடந்து சென்ற பிற நரம்புகளின் நீண்ட இழைகள் ஊறின்றி நின்றன. பொதுவான விஷம் எதுவாயினும் எல்லாவற்றையும் தாக்கியிருக்கும். இதுவோ, ஏற்பிகள் அமைந்த இடங்களை மட்டும் நாடித் தாக்கியிருந்தது. உடனே அவர் கான்பராவில் கர்ட்டிஸும் வாட்கின்ஸும் வகைப்படுத்தியிருந்த, குளுட்டாமேட்டை ஒத்த பொருள்களை ஒவ்வொன்றாய் எலிக்குட்டிகளுக்கு ஏற்றிப் பார்த்தார். எது நரம்பணுவைக் கிளர்ச்சியுறச் செய்வதோ, அதுவே அதனைக் கொன்றது, கிளர்ச்சியூட்டாதது கொல்லவில்லை, அதிகமாகக் கிளர்ச்சியூட்டியது குறைந்த அளவிலேயே கொன்றது. இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று அடியொற்றி நின்றதைக் கண்ட அவர், கிளர்ச்சியே இங்கு விஷமாகிறது என்ற சித்தாந்தத்தை வகுத்தார். நரம்பணு இறப்பது அயலான் ஒருவனால் அன்று, தன் சொந்தத் தொழிலைத் தாங்கமுடியாத வேகத்தில் செய்யும்படி ஏவப்படுவதனால்தான் என்ற இந்தக் கருத்து, மூளை நோய்களைப் பற்றிய சிந்தனையையே திருப்பிவிட்டது.

அக்காலத்தில் குழந்தைகளுக்கென்று புட்டியில் அடைத்து விற்ற உணவுகளில் குளுட்டாமேட் உப்பு சேர்க்கப்பட்டு வந்தது. மூளை முதிராத சிசுக்களுக்கு இது தேவையற்ற அபாயம் என்று ஓல்னி அமெரிக்க மேல்சபைக் குழுவின் முன் எடுத்துரைத்தார். பெரிய கம்பெனிகள் 1969-ஆம் ஆண்டிலேயே அதனைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டன. இதை அடியாகக் கொண்டு, அஜினோமோட்டோ கலந்த சோற்றை உண்டால் மூளை கெட்டுவிடும் என்ற பீதி இன்றும் நம்மிடையே உலவுகிறது. உணவில் நாம் உண்ணும் குளுட்டாமேட்டில் பெரும்பகுதியைக் குடலே எரித்துச் செலவிட்டுவிடுகிறது. மீந்ததையும் மூளையின் தடுப்பு உள்ளே விடுவதில்லை. எலிக்குட்டிகளுக்கு ஓல்னி செலுத்தியதோ உடல் எடைக்கு ஒப்பிட மிகப் பெரிய அளவு. உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, இதற்கு எண்ணிட்ட வரம்பு விதிக்கவேண்டிய அவசியமில்லை என்று 1987-இல் கருத்துரைத்தது. சிசுக்களைக் குறித்த ஓல்னியின் கவலை நியாயமானது, அதனை நான் போற்றுகிறேன். ஆனால் அவருடைய கண்டுபிடிப்பின் மெய்யான களம் உணவுத் தட்டு அன்று, மூளைக்கு உள்ளேயே பெருகும் குளுட்டாமேட்டுதான்.

உணவின் வழியே வந்து நரம்பணுக்களை இவ்விதமே கொன்ற பொருள்கள் உண்மையில் இல்லாமலில்லை. அவற்றில் ஒன்று நம் தேசத்தின் துயர வரலாற்றோடு பிணைந்தது. துவரம் பருப்போடு கலப்படம் செய்வதாக நாம் கேள்விப்படும் கேசரிப் பருப்பு, மழை பொய்த்தாலும், வயலில் நீர் தேங்கினாலும், மற்றப் பயிர்கள் எல்லாம் சாய்ந்தாலும் தான் சாயாமல் விளையும் உரம் பெற்றது; ஆகவே பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு எஞ்சுவது அது ஒன்றே. வழிப்பறிக் கூட்டத்தாராகிய தக்கர்களை ஒடுக்கியதால் பெயர்பெற்ற வில்லியம் ஸ்லீமன், சாகர் பிரதேசத்துக் கிராமங்களில் 1829 தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு கல்மழையாலும் வறட்சியாலும் நோயாலும் கோதுமை அழிய, மக்கள் இந்தப் பருப்பையே உண்டு உயிர் தரித்ததையும், 1833-இல் முப்பது வயதுக்கு உட்பட்ட இளைஞர்கள் இடுப்புக்குக் கீழே கால்கள் விறைத்து முடமாகத் தொடங்கியதையும் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஸ்பெயினில், மாட்ரிட் நகரம் 1811-12-இல் பஞ்சத்தில் வாடியபோது மக்கள் இதன் மாவை உண்டு பிழைத்ததை ஓவியர் கோயா செதுக்கி வைத்தார். இரண்டாம் உலகப்போரின்போது, ருமேனியர் வசமிருந்த வப்னியார்க்கா முகாமில் அடைக்கப்பட்ட யூதர்களுக்கு மாட்டுத் தீவனமாகிய இப்பருப்பையே ஆகாரமாகக் கொடுத்ததால் நூற்றுக்கணக்கானோர் கால் முடங்கினர். அவர்களுடன் தாமும் கைதியாயிருந்த மருத்துவர் ஆர்தர் கெஸ்லர் காரணத்தைக் கண்டுகொண்டு போராடினார்.

இந்த விஷத்தின் உருவத்தைக் கண்டறிந்த பெருமை பாரத விஞ்ஞானிகளுக்கு உரியது. 1964-ஆம் ஆண்டில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா ஆகியோரும், டில்லிப் பல்கலைக்கழகத்தில் மூர்த்தி, சேஷாத்ரி, வெங்கிடசுப்பிரமணியன் ஆகியோரும், தனித்தனியே அப்பருப்பிலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டனர். அது குளுட்டாமேட்டின் சாயலைத் தாங்கி, அதன் ஏற்பிகளில் ஒருவகையைப் பற்றி, மூளையிலிருந்து கால்களை ஏவும் நரம்பணுக்களை ஓயாமல் கிளர்த்துவது என்பது பின்னர் விளங்கிற்று. எப்போதாவது சிறிது உண்பவனை அது ஒன்றும் செய்வதில்லை. வேறு உணவின்றி மாதக்கணக்கில் அதையே உண்ண நேர்ந்தவனைத்தான் முடக்குகிறது. இந்த நோயின் பாதியளவு காரணம் ரசாயனம் என்றால், மறுபாதி வறுமையே என்று சொல்லவேண்டும்.

மற்றொரு சம்பவம் 1987-ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவில் நேர்ந்தது. பிரின்ஸ் எட்வர்ட் தீவுக் கடலில் வளர்த்த சிப்பிகளை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாய் நோயுற்றனர், சிலருக்கு வலிப்பும் மயக்கமும் வந்தன, மூவர் இறந்தனர். பிழைத்தவர் சிலரிடம் ஒரு விசித்திரமான குறை எஞ்சியது: பழைய செய்திகளை நினைவில் வைத்திருந்த அவர்களால் புதிதாக எதையும் நினைவில் கொள்ள முடியவில்லை. ஹாலிஃபாக்ஸ் நகரத்துத் தேசிய ஆய்வுக்கூடத்தினர் ஒரு வாரத்துக்குள் காரணத்தைக் கண்டார்கள். கடலில் மிதக்கும் நுண்ணிய பாசி ஒன்று பல்கிப் பெருகி, டோமாயிக் அமிலம் என்ற பொருளை உண்டாக்க, அதனை வடிகட்டி உண்ட சிப்பிகள் தம் உடலில் சேர்த்து வைத்திருந்தன. இந்த அமிலமும், ஜப்பானியர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாக உண்டுவந்த செங்கடற்பாசியிலிருந்து கிடைத்த கைனிக் அமிலமும் நெருங்கிய உறவுடையவை. இரண்டும் குளுட்டாமேட்டைப் போல, ஆனால் அதைவிடப் பன்மடங்கு வன்மையுடன், நரம்பணுவைக் கிளர்ச்சியுறச் செய்பவை. இறந்தவர்களின் மூளையில், நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி அழிந்திருந்தது. சுண்டெலியிடம் ஓல்னி கண்டது மனிதனிடமும் நிகழும் என்பதற்கு இதைவிடக் கொடிய நிரூபணம் வேண்டியதில்லை.

இதற்கிடையே வாட்கின்ஸ் பிரிட்டனுக்குச் சென்று, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் தம் வாழ்நாள் வேலையைத் தொடர்ந்தார். கான்பராவிலேயே அவர் செய்து வைத்திருந்த என்.எம்.டி.ஏ. என்ற செயற்கைப் பொருள் ஏற்பிகளில் ஒரு தனி வகையை மட்டும் திறந்தது. அந்த வகையை மட்டும் அடைக்கும் ஏபி-5 என்ற மருந்தை 1980-களின் தொடக்கத்தில் அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, உலகெங்குமுள்ள ஆய்வுக்கூடங்களுக்குத் தாராளமாக வழங்கினர். அந்த ஏற்பியின் அமைப்பு ஏரி மதகை ஒத்தது: குளுட்டாமேட் வந்து தாழ் நீக்கினாலும், மக்னீஷியம் ஓர் அடைப்பாக வழியை மறித்துக் கிடக்கிறது, அணு ஏற்கெனவே ஓரளவு கிளர்ந்திருந்தால்தான் அவ்வடைப்பு விலகி, கால்சியம் உள்ளே பாய்கிறது. இந்த நுணுக்கத்தை 1984-இல் பாரிஸிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தனித்தனியே விளக்கினர். இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கே நேரும்போது மட்டும் திறக்கும் இந்த வழிதான், ஒன்றை மற்றொன்றோடு இணைத்து நினைவில் பதிக்கும் ஆற்றலுக்கு ஆதாரம் என்பதற்கான சான்றை, ஏபி-5 மருந்தைக் கொண்டு 1983-இல் காலிங்ரிட்ஜும் அவருடைய கூட்டாளிகளும் காட்டியிருந்தனர். கற்பதற்குத் திறக்கும் அதே வழியாகத்தான் மரணமும் நுழைகிறது.

பக்கவாதத்தை நாம் எவ்வாறு புரிந்துகொள்கிறோம் என்பதை மாற்றியது இதுவே. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் உட்கொள்ளும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. ரத்தக்குழாய் அடைபட்டால் நரம்பணு மூச்சுமுட்டி உடனே இறக்கிறது என்று முன்பு எண்ணியிருந்தனர். ஆனால் ஜப்பானியராகிய கிரினோ, மூளைக்கு ரத்தம் சில நிமிஷங்கள் மட்டும் நின்று மீண்டும் ஓடிய பாலைவன எலிகளில், ஹிப்போகாம்பஸின் சில நரம்பணுக்கள் உடனே சாகாமல், சில நாட்கள் கழித்தே சாவதை 1982-இல் காட்டினார். மூச்சுமுட்டல் தீர்ந்தபின்னும் மரணம் தொடர்கிறதென்றால் இடையில் வேறொன்று நிகழ்ந்திருக்கவேண்டும். 1984-இல் கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர், ரத்தம் தடைபட்ட எலியின் மூளையில் அணுக்களுக்கு வெளியே குளுட்டாமேட் பல மடங்கு உயர்வதை நேரே அளந்தனர். சக்தி தீர்ந்ததும் உறிஞ்சும் பணி நின்று, உள்ளே அடைபட்டிருந்த குளுட்டாமேட் எல்லாம் வெளியே கொட்டி, அண்டை அணுக்களையும் கிளர்த்திக் கொல்கிறது. அதே ஆண்டில் செயின்ட் லூயியில் ரோத்மன், கண்ணாடித் தட்டில் வளர்த்த நரம்பணுக்களைக் கொண்டும், லண்டனில் மெல்ட்ரம் குழுவினர் எலிகளைக் கொண்டும், இந்தத் தூதை இடைமறித்தால் அணுக்கள் பிழைப்பதைக் காட்டினர். ஐந்து நிமிஷம் குளுட்டாமேட்டில் நனைத்துக் கழுவிவிட்ட நரம்பணுக்கள்கூட அடுத்த சில மணி நேரத்தில் ஒவ்வொன்றாய் மடிவதையும், அந்தத் தாமத மரணத்துக்கு உள்ளே பாய்ந்த கால்சியமே முக்கிய காரணம் என்பதையும் டென்னிஸ் சோய் 1987-இல் விவரித்தார்.

மரணம் மெதுவாக வருகிறதென்றால் அதனைத் தடுக்க அவகாசம் உண்டு. இந்த எண்ணம் எத்தகைய உற்சாகத்தை எழுப்பியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். பெரிய மருந்து நிறுவனங்கள் அனைத்தும் களத்தில் இறங்கின. என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கும் எம்.கே.-801 என்ற பொருளும், செல்ஃபோட்டெல், ஆப்டிகனெல் என்ற மருந்துகளும் விலங்குகளின் மூளையை அற்புதமாகக் காத்தன. ஆனால் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது ஒன்றும் பலிக்கவில்லை. செல்ஃபோட்டெல் பெற்றவர்கள் பிரமை பிடித்துக் கலவரமுற்றனர். மரணம் மிகக்கூடும் என்ற அச்சத்தால் அச்சோதனை பாதியில் நின்றது. ஆப்டிகனெல்லுக்கும் அதே கதி நேர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் ரத்தக்குழாயை அடைப்பதற்கு முன்போ, அடைத்த சிறிது நேரத்துக்குள்ளோ எலிக்கு மருந்து ஏறிவிடுகிறது; மனிதனோ, உறவினர் கண்டு, வண்டி பிடித்து, மருத்துவமனை சேர்வதற்குள் பல மணி கழிந்துவிடுகிறது; குளுட்டாமேட்டின் வெள்ளம் அதற்குள் வடிந்திருக்கும். வடிந்த பின்பு அந்த ஏற்பியை அடைப்பது, பிழைத்திருக்கும் அணுக்களின் சாதாரணப் பேச்சையும், அந்தப் பேச்சினால் அவை பெறும் உயிராதரவையும் சேர்த்து அடைப்பதாகவே முடிகிறது.

இந்த எச்சரிக்கையை முதலில் எழுப்பியவர்களில் ஒருவர் ஓல்னியே என்பதை நினைக்கும்போது அவரிடம் எனக்குள்ள மதிப்பு பெருகுகிறது. குளுட்டாமேட் கொல்லும் என்று உலகுக்கு உரைத்த அவரே, அதன் ஏற்பியை அடைக்கும் எம்.கே.-801 போன்ற மருந்துகள் எலி மூளையின் சில நரம்பணுக்களில் குமிழ் குமிழாய்ச் சேதம் விளைவிப்பதை 1989-இல் வெளியிட்டார். பத்தாண்டுகள் கழித்து, இகோனோமிடூவும் அவரும் பிறரும், பிறந்து சில நாட்களேயான எலிக்குட்டிகளில் அந்த ஏற்பியைச் சில மணி நேரம் அடைத்துவைத்தால், வளரும் மூளையில் நரம்பணுக்கள் திரள்திரளாகத் தாமே மாய்ந்துபோவதைக் காட்டினர். ஒரு கோட்பாட்டைத் தோற்றுவித்தவர், அதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கும் உண்மையையும் அதே தீவிரத்துடன் தேடிச் சொல்வது விஞ்ஞான வரலாற்றில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று. சிசுக்களுக்கு மயக்கமருந்து கொடுப்பதில் இன்று காட்டப்படும் கவனத்துக்கு அந்த ஆய்வுகளே பெரும்பாலும் வித்திட்டன.

முழுவதும் தோல்வி என்று கூறிவிடவும் இயலாது. அந்த ஏற்பியின் வழியை இறுக்கி அடைக்காமல், மிதமிஞ்சித் திறந்திருக்கும்போது மட்டும் புகுந்து, சாதாரணக் கிளர்ச்சி வரும்போது விரைந்து விலகிக்கொள்ளும் இயல்புடைய மெமான்டின் என்ற மருந்து, அல்சைமர் மறதி நோய் முற்றியவர்களுக்கு 2003-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. நோயைத் தீர்க்காவிடினும் ஓரளவு தணிக்கிறது. தசைகளை ஏவும் நரம்பணுக்கள் படிப்படியாக மடியும் ஏ.எல்.எஸ். நோய்க்கு, குளுட்டாமேட் வெளிப்படுவதைக் குறைக்கும் ரிலூசோல் 1995 முதல் வழங்கப்படுகிறது. ஆயுளைச் சில மாதங்களே நீட்டுகிறது. பக்கவாதத்தில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தும், 2015-க்குப் பின் பரவலாய்க் கைக்கொள்ளப்படும், குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறையும் பலரைக் காத்துவருகின்றன. இவை ரத்தக்குழாய்க்குச் செய்யும் சிகிச்சைகள். நரம்பணுவுக்கே நேராகச் சென்று அதனைக் காக்கும் மருந்தைப் பக்கவாத சிகிச்சை இன்னும் எதிர்பார்த்தே நிற்கிறது. ஏற்பியைத் தொடாமல், அது திறந்தபின் அணுவுக்குள் நிகழும் சேதத் தொடரை மட்டும் துண்டிக்கும் முயற்சிகள் இப்போது நடந்துவருகின்றன.

கான்பராவின் அதே கண்ணாடிக் குழாய்கள் மற்றொரு பொருளையும் நரம்பணுக்களின்மேல் சொட்டவிட்டன. அது அவற்றைக் கிளர்த்தாமல் அடக்கி அமைதியுறச் செய்தது. குளுட்டாமேட்டிலிருந்து கரியமில வாயு ஒன்று நீங்கிய மாத்திரத்தில் மூளையே உண்டாக்கிக்கொள்ளும் காபா என்ற அப்பொருளின் வரலாற்றை, 1950-இல் அது மூளையில் கண்டறியப்பட்ட காலத்திலிருந்து, அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)